சினிமா டயலாக்ல ஸ்பீச் ஆக்ட் பாக்குறது எப்படி: "வரேன்"னு சொல்றவன் வர்றானா போறானா?

எம்.ஏ. படிக்கும்போது ஸ்பீச் ஆக்ட் (பேச்சால நாம செய்ற வேலை) ப்ராஜெக்ட்டுக்கு ஒரு படத்த எடுத்துக்கிட்டு அதுல இருக்குற டயலாக் பூரா எக்செல் ஷீட்ல அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அஸெர்டிவ், டைரக்டிவ், கமிஸிவ்னு லேபிள் ஒட்டி, கடைசில கலர் கலரா பை சார்ட் வேற போட்டு கைடுகிட்ட கொண்டு போய் நீட்டினேன். அவர் ரெண்டு பக்கம் புரட்டிட்டு ஒரே ஒரு வரில வெரல வச்சாரு. ஒருத்தன் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு "சரி, வரேன்"னு சொல்ற எடம். நான் அதுக்கு கமிஸிவ்னு போட்டிருந்தேன், வர்றேன்னு வாக்கு குடுக்குறான்ல, அதான். "அவன் வர்றானா போறானாப்பா?"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியாம ஷீட்ட வாங்கிட்டு வந்துட்டேன், திரும்ப முதல்லருந்து ஒக்காந்தேன்.

இப்ப வருஷா வருஷம் ஜூனியர் யாராவது இதே டாபிக்க எடுத்துக்கிட்டு "அக்கா எப்படிக்கா பண்றது"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரே தடவையா எழுதி வச்சிடுறேன்.

தியரிய சுருக்கமா முடிச்சிடலாம். ஆஸ்டின்னு ஆக்ஸ்ஃபோர்டு ஃபிலாசஃபர், 1955-ல ஹார்வர்டுல லெக்சர் குடுத்தாரு, அவர் 1960-ல எறந்து போன பிறகு 1962-ல அது புத்தகமா வந்துச்சு. அவர் சொன்னது என்னன்னா நாம பேசுறது வெறும் தகவல் சொல்றதுக்கு மட்டும் இல்ல, பேச்சே ஒரு வேலை, பேர் வைக்கிறது, பந்தயம் கட்டுறது, மன்னிப்பு கேக்குறது எல்லாம் சொல்லும்போதே நடந்து முடிஞ்சிடுது. ஒரு பேச்ச மூணா பிரிச்சாரு. அம்மா ஹால்ல இருந்து "ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுது"ன்னு சொல்றாங்கன்னு வைங்க. அந்த வார்த்தையும் அதோட நேர் அர்த்தமும் லொக்யூஷன். அத சொல்லி அவங்க செய்ற வேலை, அதாவது "போய் அணைடா", கூடவே கொஞ்சம் திட்டு, இது இல்லொக்யூஷன். நீங்க எழுந்து போய் அணைக்கிறதோ, "நான் போடல, அண்ணன் போட்டான்"னு கத்துறதோ, அந்த விளைவு பெர்லொக்யூஷன். நமக்கு முக்கியம் நடுவுல இருக்குறது.

ஆஸ்டின்கிட்ட படிச்ச சேர்ல் (1969 புத்தகம், அப்புறம் 1975-ல வந்த கட்டுரை) இந்த வேலைகள அஞ்சா பிரிச்சாரு. உலகம் இப்படி இருக்குன்னு சொல்றது அஸெர்டிவ், கேக்குறவர ஒண்ணு செய்ய வைக்கப் பாக்குறது டைரக்டிவ், நானே ஒண்ணு செய்றேன்னு கட்டுப்படுறது கமிஸிவ், மனசுல இருக்குறத காட்டுறது எக்ஸ்பிரஸிவ், சொன்னதும் உலகமே மாறிடுறது டெக்லரேஷன். இவ்ளோதான் கருவி. பாக்கி எல்லாம் காது.

இனிமே வேலைக்கு வருவோம்.

முழு படத்த எடுக்காதீங்க, ப்ளீஸ். ரெண்டரை மணி நேர படத்துக்கு டயலாக் அடிக்கிறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிடும், அனாலிசிஸ் மேலோட்டமா போயிடும். மூணு நாலு நிமிஷ சீன், ரெண்டு பேருக்குள்ள ஏதோ ஒரு இழுபறி இருக்குற சீன், அப்படி ரெண்டோ மூணோ எடுத்தா போதும். ஒருத்தன் ஒண்ணு வேணும்னு நெனைக்கிறான், இன்னொருத்தன் குடுக்க மாட்டேங்குறான், அங்கதான் ஸ்பீச் ஆக்ட் நெறைய கெடைக்கும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்னு போற சீன்ல ஒண்ணும் தேறாது.

அப்புறம் சப்டைட்டில காப்பி பண்ணாதீங்க. இங்கிலீஷ் சப்டைட்டில்ல நீ, நீங்க, நீர் எல்லாமே ஒரே "யூ"தான், "போடா"வும் "போங்க"வும் ஒண்ணாயிடும், "-ல்ல", "-ஏ", "-தானே" மாதிரி ஒட்டெல்லாம் காணாமப் போயிடும், ஆனா தமிழ்ல பாதி வேலை அந்த ஒட்டுலதான் நடக்குது. ஹெட்ஃபோன் போட்டு, ஸ்பீட கொறச்சு, காதுல விழுற மாதிரியே எழுதுங்க, "வந்துவிட்டேன்"னு திருத்தாதீங்க, "வந்துட்டேன்"னா "வந்துட்டேன்". பக்கத்துல நேரம் போடுங்க. எங்க நிறுத்துறாங்க, யார பாத்து சொல்றாங்க, சொல்லும்போது கை என்ன பண்ணுதுன்னு ஷீட்ல ஒரு காலம் (மேலருந்து கீழ போற கட்டம்) தனியா வைங்க. பதில் சொல்லாம இருந்தா அதையும் ஒரு வரியா எழுதணும், மௌனத்துக்கும் நம்பர் உண்டு.

அடுத்து வெட்டுறது. ஒரு டயலாக்குக்கு ஒரு லேபிள்னு நெனச்சா அங்கயே தப்பு ஆரம்பிச்சிடும். "டேய் இங்க வா, உன்ன நம்பித்தானேடா காசு குடுத்தேன், என்ன பண்ண?" இதுல கூப்பிடுறது ஒண்ணு, வரச் சொல்றது ஒண்ணு, நம்பினேன்னு சொல்ற மாதிரி குத்திக் காட்டுறது ஒண்ணு, கணக்கு கேக்குறது ஒண்ணு. நாலா வெட்டுங்க.

இப்ப லேபிள். இங்கதான் நான் விழுந்தேன், எல்லாரும் விழுறாங்க. கேள்விக்குறி இருந்தா கேள்வின்னும், "-வேன்"ல முடிஞ்சா வாக்குன்னும் போட்டுக்கிட்டே போவோம். தமிழ்ல அது சுத்தமா ஒத்து வராது. "சாப்டியா?" பாதி நேரம் வணக்கம்தான், இல்லன்னு சொன்னா கேட்டவருக்கே சங்கடம். "பாத்துக்கலாம்"ங்கிறது நண்பன் சொன்னா ஆறுதல், ஆபீசர் சொன்னா தட்டிக் கழிக்கிறது, மீசைய தடவிக்கிட்டு சொன்னா மிரட்டல். "நல்லா இருப்ப" வாழ்த்து, "நல்லா இருப்பியா நீ?" சாபம். "கொன்னுடுவேன்"னு அம்மா சொல்றதையும் வில்லன் சொல்றதையும் ஒரே கட்டத்துல போட்டீங்கன்னா உங்க ஷீட் படி ஊர்ல இருக்குற அம்மாவெல்லாம் உள்ள போகணும்.

அப்ப எத வச்சு முடிவு பண்றது? நான் கத்துக்கிட்ட ஒரே வழி, அடுத்த வரிய பாருங்க. கேட்டவன் அத என்னன்னு எடுத்துக்கிட்டான்னு அவன் பதில்ல தெரிஞ்சிடும். பதிலுக்கு அப்புறம் மொதல் ஆள் ஒத்துக்கிறானா, இல்ல "நான் அத கேக்கலடா"ன்னு திருத்துறானான்னும் பாருங்க. அதனால ஷீட்ல லேபிள் காலத்த கடைசியா வைங்க. வரி, சொன்னது யாரு, யாருகிட்ட, எலக்கணப்படி என்ன வடிவம், அடுத்த ஆள் என்ன பண்ணாங்க, இவ்ளோம் எழுதின பிறகு லேபிள்.

இதுக்கு உலகத்துலயே சிறந்த உதாரணம் நம்மகிட்ட இருக்கு. 1989-ல கங்கை அமரன் டைரக்ட் பண்ண கரகாட்டக்காரன் வாழைப்பழ காமெடி. சிரிக்காம பாக்கணும், அது ஒண்ணுதான் கஷ்டம். கவுண்டமணி காசு குடுத்து செந்தில ரெண்டு பழம் வாங்கிட்டு வரச் சொல்வாரு, செந்தில் ஒண்ண தின்னுட்டு ஒண்ண மட்டும் கொண்டு வந்து நீட்டுவாரு. கவுண்டமணி உடனே அடிக்க மாட்டாரு. எவ்ளோ காசு குடுத்தேன், எத்தன பழம் வாங்கச் சொன்னேன்னு ஒவ்வொண்ணா கேப்பாரு. இந்த கேள்விக்கெல்லாம் பதில் அவருக்கே தெரியும். சேர்ல் நெஜ கேள்வி வேற, பரீட்சை கேள்வி வேறன்னு பிரிப்பாரு, மொதல்ல கேக்குறவருக்கு பதில் வேணும், ரெண்டாவதுல உனக்கு தெரியுமான்னு பாக்கணும். இது அந்த ரெண்டும் இல்ல, கோர்ட்ல வக்கீல் கேக்குற மாதிரி, ஒவ்வொண்ணா ஆமாஞ்சாமி போட வச்சு தப்பிக்கிற வழிய அடைக்கிற கேள்வி. செந்திலும் ஒழுங்கா ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே வருவாரு, மடங்கிட்டாருன்னு நாம நெனைப்போம்.

அப்புறம்தான் மெயின் கேள்வி, ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்க? செந்தில் பதில், அந்த இன்னொண்ணுதாண்ணே இது.

எலக்கணப்படி "எங்க"ன்னு எடத்த கேக்குற கேள்வி. ஆனா கவுண்டமணி செய்ற வேலை எடம் விசாரிக்கிறது இல்ல, "நீ திருடிட்ட, ஒத்துக்கோ"ங்கிற குற்றச்சாட்டு, கூடவே கணக்கு கேக்குறது. செந்தில் அந்த வேலைய கண்டுக்கவே மாட்டாரு. கேள்வியோட நேர் அர்த்தத்துக்கு மட்டும் பதில் சொல்வாரு. அந்த பதில்ல பொய்யே இல்லங்கிறதுதான் அழகு, ரெண்டு பழத்துல ஒண்ணு வயித்துல, இன்னொண்ணு கையில, அப்ப கையில இருக்குறது "இன்னொண்ணு"தானே? லொக்யூஷனுக்கு பதில் வந்துடுச்சு, இல்லொக்யூஷனுக்கு வரல. கவுண்டமணி திரும்பக் கேப்பாரு, திரும்பவும் அதே பதில், ஒவ்வொரு தடவையும் அவரோட கேள்வி குற்றச்சாட்டா நிக்க முடியாம வெறும் கேள்வியா கீழ விழுந்துடுது. அவர் கோவம் ஏறுறது பழத்துக்காக மட்டும் இல்ல, தன்னோட பேச்சு வேலை செய்யலையேன்னு. அதுலயும் அந்த "ண்ணே"வ கவனிங்க, மரியாதைல ஒரு கொறையும் வைக்காம மடக்குறாரு. "அதான்டா இது"ன்னு சொல்லியிருந்தா அது எதிர்த்துப் பேசுறது, சண்டை, காமெடியே செத்திருக்கும்.

இந்த மரியாதை விஷயத்துக்கு பிரவுன், லெவின்சன்னு ரெண்டு பேரோட பொலைட்னஸ் தியரிய சேத்துக்கலாம், 1978-ல மொதல்ல வந்து 1987-ல தனிப் புத்தகமா வந்தது. இங்கிலீஷ், மெக்சிகோல பேசுற ட்ஸெல்டால் மாயன் மொழி, அப்புறம் தமிழ், மூணு மொழிய வச்சு எழுதினாங்க, அதுல தமிழ் எடுத்தது நம்ம கோயமுத்தூர் ஜில்லா கிராமத்து பேச்சுலருந்து. உலகம் பூரா மேற்கோள் காட்டுற தியரில "ங்க"வும் இருக்கு, நாமதான் அத ஏதோ வெளிநாட்டு சரக்குன்னு நெனச்சு பயப்படுறோம்.

சரி, இப்ப சினிமாவுக்கே உரிய ஒரு சிக்கல். நெஜ வாழ்க்கைல ஒரு பேச்சுக்கு கேக்குற ஆள் எதிர்ல இருக்கான். சினிமால ரெண்டு பேர், எதிர்ல நிக்கிற கேரக்டர் ஒருத்தர், சீட்ல ஒக்காந்திருக்குற நாம ஒருத்தர். ஒரே வரி ரெண்டு பேருக்கும் ரெண்டு வேலை பண்ணும். ஷீட்ல ரெண்டுக்கும் தனித்தனி காலம் போடுங்க, இத ஒண்ண செஞ்சாலே மத்தவங்க ப்ராஜெக்ட்ட விட உங்களுது எங்கயோ போயிடும்.

ஒரு அண்ணன் தங்கச்சிகிட்ட "நம்ம அப்பா போய் பத்து வருஷம் ஆச்சு, அம்மா தையல் மிஷின் ஓட்டித்தான் நம்மள படிக்க வச்சாங்க"ன்னு சொல்றான்னு வைங்க. தங்கச்சிக்கு தெரியாதா என்ன? கேக்குறவருக்கு ஏற்கனவே தெரியும்னு பளிச்சுன்னு தெரியுற விஷயத்த தகவலா சொல்லக் கூடாதுங்கிறது அஸெர்டிவுக்கு சேர்ல் வைக்கிற கண்டிஷன்ல ஒண்ணு. தங்கச்சிய பொறுத்தவரைக்கும் அந்த கண்டிஷன் ஒடஞ்சு போச்சு, தியேட்டர்ல இருக்குறவனுக்கு மட்டும்தான் அது தகவல். டயலாக் செயற்கையா இருக்குன்னு நாம சும்மா ஃபீல் பண்றதுக்கு காரணம் இதுதான். நல்லா எழுதுறவங்க அதே தகவல சண்டைக்குள்ள வச்சு தருவாங்க, "பத்து வருஷமா அந்த மிஷின் சத்தத்துல தூங்குனவடா நான், எனக்கு நீ சொல்லித் தர்றியா"ன்னு தங்கச்சி கத்தினா அது அவனுக்கு கண்டனம், நமக்கு தகவல், ரெண்டும் ஒழுங்கா நடக்கும்.

பஞ்ச் டயலாக்கும் இந்த ரெண்டு காலத்துலதான் புரியும். பாட்ஷா (1995) "நான் ஒரு தடவ சொன்னா நூறு தடவ சொன்ன மாதிரி". வடிவத்துல இது அஸெர்டிவ். ஆனா எத பத்தின தகவல்? தன்னோட பேச்சுக்கு எவ்ளோ பலம்னு பேச்சுலயே சொல்றது. இதுக்கப்புறம் அவர் படத்துல எத சொன்னாலும் அது சும்மா சொன்னதில்லன்னு முன்கூட்டியே சீல் அடிச்சு வைக்கிறாரு. அண்ணாமலைல (1992) "சொல்றதையும் செய்வேன், சொல்லாததையும் செய்வேன்"னு வரும், அது இன்னும் வேடிக்கை. கமிஸிவ்னா என்ன செய்யப் போறேன்னு ஒரு சரக்கு இருக்கணும், "சொல்லாதது"ல என்ன சரக்கு இருக்கு? வாக்குறுதியா பாத்தா அது காலி டப்பா. மிரட்டலா பாத்தா சரக்கு சொல்லாததுதான் பயமே. வாக்குறுதிக்கும் மிரட்டலுக்கும் வித்தியாசம் சிம்பிள், உனக்காக செய்றேன்னா வாக்கு, உன்ன செய்றேன்னா மிரட்டல். கேக்குறவனுக்கு அது வேணுமா வேணாமான்னு பாத்தா பிரிச்சிடலாம், இங்க எதிர்ல இருக்குறவனுக்கு மிரட்டல், விசில் அடிக்கிறவனுக்கு வாக்கு!

நாயகன் (1987) கடைசில பேரன் கேப்பான்ல, நீங்க நல்லவரா கெட்டவரான்னு. பையனுக்கு அது நெஜமான கேள்வி, பதில் வேணும். நமக்கு அது படம் பூரா மனசுல ஓடின கேள்வி. பதில் "தெரியலையே". "தெரியல"ன்னு சொல்லியிருந்தா தகவல் மட்டும்தான், அந்த "ஏ" ஒண்ணு சேந்ததும் எக்ஸ்பிரஸிவ் ஆயிடுது. இத இங்கிலீஷ் சப்டைட்டில்ல தேடிப் பாருங்க, இருக்காது.

டெக்லரேஷன் பத்தி கொஞ்சம், ஏன்னா தமிழ் சினிமால பஞ்சாயத்து சீனும் கல்யாண சீனும் அவ்ளோ இருக்கு. நாட்டாமை "ஊர விட்டு ஒதுக்கி வைக்கிறோம்"னு சொன்னதும் நெலம மாறிடுது, அதான் டெக்லரேஷன். ஆனா அது பலிக்கணும்னா சொல்றவருக்கு அதிகாரம் இருக்கணும், ஊர் அத ஒத்துக்கணும். துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கிட்டு "உன் தீர்ப்பு யாருக்கு வேணும்"னு ஹீரோ நடந்து போனா, அங்க அந்த தீர்ப்பு பலிக்காம போகுது, ஆஸ்டின் இத மிஸ்ஃபயர்னு சொல்வாரு, துப்பாக்கி புஸ்ஸுன்னு போற மாதிரி.

கல்யாணத்துக்கு ஆஸ்டின் குடுக்குற உதாரணம் சர்ச்ல மணப்பொண்ணும் மாப்பிள்ளையும் வாயால சம்மதம் சொல்றது. நம்ம சீன்ல மாப்பிள்ளையும் பொண்ணும் வாயே தெறக்க மாட்டாங்க, "கெட்டிமேளம்"னு கத்துறது வேற யாரோ, வேலைய முடிக்கிறது மூணு முடிச்சு. அதனால டயலாக் இல்லாத செயலையும் டெக்லரேஷனா மார்க் பண்ணலாமான்னு கேட்டா என் கருத்து, ஸ்பீச் ஆக்ட் ஷீட்ல வேணாம், குறிப்புல எழுதுங்க. ஆனா சுயமரியாதைக் கல்யாண சீன் வந்தா விடாதீங்க. அண்ணா ஆட்சில 1967-ல இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவு சேத்தாங்க, அதுல உறவுக்காரங்க, நண்பர்கள் முன்னாடி ஒருத்தர ஒருத்தர் கணவனா மனைவியா ஏத்துக்குறோம்னு புரியுற மொழில சொன்னாலே கல்யாணம் செல்லும், மாலையோ மோதிரமோ மாத்துறதும் தாலி கட்டுறதும் மத்த வழிகள். சொல்லு போதும்னு சட்டமே எழுதி வச்சிருக்கு, இதவிட சுத்தமான டெக்லரேஷன் எங்க கெடைக்கும்.

இப்ப முழுசா ஒரு சீன் பண்ணிக் காட்டுறேன். எந்தப் படத்துலயும் இல்ல, நானே எழுதினது. சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டு, பொண்ணு சென்னைல வேலைக்கு கெளம்புறா, அப்பாவுக்கு இஷ்டமில்ல, ஒரு வாரமா பேச்சு இல்ல.

1. அப்பா: பஸ்ஸு எத்தன மணிக்கு?
2. பொண்ணு: ஒம்போதரைக்கு.
3. அப்பா: மழ வர்ற மாதிரி இருக்கு.
4. பொண்ணு: கொட வச்சிருக்கேன்.
5. (மௌனம். அப்பா மஞ்சப்பைலருந்து டார்ச்ச எடுக்குறாரு.)
6. அப்பா: பேட்டரி புதுசு.
7. பொண்ணு: போன்லயே டார்ச் இருக்கு. (நிறுத்தி) குடுங்க.
8. பொண்ணு: வரேன்பா.

வரி 1 வடிவத்துல கேள்வி, ஆனா டிக்கெட் அவர் கையிலதான் இருக்குன்னு வச்சா? அப்ப அவருக்கு நேரம் தெரியும், அது பேச்ச தொறக்குறது. அதனாலதான் கை என்ன பண்ணுதுன்னு எழுதச் சொன்னேன். வரி 2-ல "ஒம்போதரைக்குப்பா" இல்ல, வெறும் "ஒம்போதரைக்கு", அந்த "ப்பா" இல்லாததும் டேட்டாதான், ஒரு வாரக் கோவம் அதுல இருக்கு. வரி 3 வடிவத்துல வானிலை அறிக்கை மாதிரி அஸெர்டிவ், செய்ற வேலை டைரக்டிவ். எப்படி டைரக்டிவ்னு கண்டுபிடிச்சோம்? வரி 4. அவ வானத்த பாத்து "ஆமா, கருத்திருக்கு"ன்னு சொல்லல, "கொட வச்சிருக்கேன்"னா. அதாவது "இன்னைக்கு போகாத"ன்னு அவளுக்கு கேட்டிருக்கு, மாட்டேன்னு சொல்லாம மாட்டேன்னுட்டா. ரெண்டு பேரும் மழைய பத்தி மட்டும்தான் பேசினதா பின்னாடி சாதிக்கலாம், யார் மூஞ்சியும் ஒடையல, மறைமுகப் பேச்சோட லாபமே அதுதான்.

வரி 5-ல தோத்துட்டாரு, ஆனா நகரல. வரி 6 திரும்பவும் தகவல் வடிவம், செய்ற வேலை அனுமதி. "போ"ன்னு அவர் வாயால சொல்ல மாட்டாரு, பேட்டரி மாத்தியிருக்காருன்னா நேத்தே முடிவு பண்ணிட்டாரு. வரி 7-அ மறுப்பு, அவளுக்கு அது முதல்ல வெறும் டார்ச்சாத்தான் கேக்குது. அந்த நிறுத்தத்துலதான் புரியுது. 7-ஆ "குடுங்க" வடிவத்துல டைரக்டிவ், ஆனா ஏற்கனவே நீட்டிக்கிட்டிருக்குறவர்கிட்ட குடுங்கன்னு கேக்குறது கேக்குறதே இல்ல, வாங்கிக்கிறேன்னு ஒத்துக்கிறது. இத நான் எக்ஸ்பிரஸிவ்ல போடுவேன், என் ஃப்ரெண்டு கமிஸிவ்னு சண்டை போட்டா, பத்து நிமிஷம் பேசியும் முடியல. அப்படி முட்டுற எடத்த அழிக்காதீங்க. இன்னொருத்தரையும் தனியா ஷீட்ல மார்க் பண்ணச் சொல்லி, ஒத்துப் போகாத வரிய எல்லாம் பிரிச்சு எடுத்து ஏன் ஒத்துப் போகலன்னு எழுதினாலே ஒரு சாப்டர் வந்துடும், பை சார்ட்டவிட அதுக்கு மார்க் ஜாஸ்தி கெடைக்கும்னு நம்புறேன்.

பர்சன்டேஜ் போடவே கூடாதுன்னு சொல்லல. டைரக்டிவ் ஜாஸ்தின்னு எழுதிட்டு நிறுத்தாதீங்க, யார் யாருக்கு போடுறாங்க, அப்பா பொண்ணுக்கா, பொண்ணு அப்பாவுக்கா, இடைவேளைக்கு அப்புறம் மாறுதான்னு சொல்லுங்க.

வைவால (வாய்மொழித் தேர்வுல) ஒரு கேள்வி கண்டிப்பா வரும். நாடக மேடைல நடிகர் சொல்றது உள்ளீடு இல்லாத பேச்சு, அத நான் கணக்குல எடுக்கலன்னு ஆஸ்டினே ஒதுக்கி வச்சிருக்காரு, அப்புறம் நீ எப்படி சினிமாவ எடுத்தன்னு கேப்பாங்க. பதறாதீங்க. ஷூட்டிங்ல தாலி கட்டினா நடிகருக்கும் நடிகைக்கும் கல்யாணம் ஆகாது, அத ஆஸ்டின் சொன்னது சரி. நாம பாக்குறது நடிகர இல்ல, கதைக்குள்ள இருக்குற ஆள, கதைக்குள்ள அந்த கல்யாணம் செல்லும், அதுக்காக அடுத்த சீன்ல அருவாள தூக்கிக்கிட்டு வர்றானுங்கல்ல. கூடவே எழுதினவர் நமக்கு பண்ற வேலைன்னு அந்த ரெண்டாவது காலத்த தெறந்து காட்டுங்க.

வரி 8 விட்டுட்டேனே. அதுக்கு இந்த தடவ லீவ் டேக்கிங்னு (விடைபெறுறது) எழுதி எக்ஸ்பிரஸிவ்ல போட்டேன், அப்புறம் "ப்பா" திரும்ப வந்திருக்குறத பாத்துட்டு பக்கத்துல பென்சில்ல சின்னதா கமிஸிவ்னும் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.